அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டுகள்

கரியும் பாட்டும் – 17

சென்ற வாரம் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் கதையை, 2017 மார்ச்சில் அதன் கொதிகலன்கள் அணைந்த இடத்தில் நிறுத்தினேன். முதல் அலகு ஓடத் தொடங்கியது 1970-இல். கொடியில் உலர்த்திய துணியில் படிந்த சாம்பலைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாயிற்று. இந்த வாரம் வண்டியைக் கொஞ்சம் தூரம் ஓட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் வரைக்கும். அங்கேயும் கரிதான், அங்கேயும் சாம்பல்தான். போய்விட்டு ராயபுரத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

வடசென்னைக்கு நிலக்கரி வந்த அதே தண்டவாளத்தில்தான் கிடாரும் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய ரயிலோடு இந்தப் பகுதியின் ரயில்வே வாழ்க்கை தொடங்கியது. டிரைவர், கார்டு, பயர்மேன் என்று என்ஜினோடும் கரியோடும் புழங்கிய வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டு முன்னறையில் கிடார் இருக்கும், ரேடியோகிராமில் ஜிம் ரீவ்ஸ் இருப்பார். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு அந்தப் பாட்டுகளை அடுத்த தெருத் தமிழ் வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ‘கன்ட்ரி’ என்று அந்த இசைக்குப் பெயர். நாட்டுப்புறத்துப் பாட்டு என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் நம் காதுக்கு அது வயல் வரப்பை நினைவூட்டும். அந்தப் பாட்டின் பாதி பிறந்தது வயலில் இல்லை. சுரங்கத்தில், ரயில் யார்டில், பஞ்சாலையில். அந்தக் கணக்கில் வடசென்னைக்கு அது தூரத்துச் சொந்தம்.

எவர்லி சகோதரர்களை அந்தக் காலத்து ரேடியோ நேயர்கள் ஹிட் பாட்டுகளால் அறிந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஹிட் ஆகாத ஓர் ஆல்பத்தைப் பற்றி.

மேற்குக் கென்டக்கியில் மியூலன்பர்க் என்றொரு கவுன்டி. நம் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணுக்கு அடியில் கரி, மண்ணுக்கு மேலே கம்பெனி வீடுகள், கம்பெனிக் கடை. சுரங்கத்தில் சம்பாதித்ததைக் கம்பெனிக் கடையிலேயே கடனுக்குக் கட்டி, செத்தாலும் அந்தக் கடன் தீராது என்று புலம்பும் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாட்டை 1946-இல் பதிவு செய்த மெர்ல் டிராவிஸ் இந்த மண்ணின் பிள்ளைதான். சுரங்கத் தொழிலாளியின் மகன். டான் எவர்லி பிறந்தது 1937-இல் இதே கவுன்டியின் பிரௌனி என்ற சுரங்கக் குடியிருப்பில். அந்த ஊர் இன்று இல்லை. தம்பி பில் 1939-இல் சிகாகோவில் பிறந்தார். சுரங்கத்தை விட்டுவிட்டுக் கிடாரோடு பிழைக்கப் போன அப்பா, குடும்பத்தை அங்கே கூட்டிப்போயிருந்தார்.

அப்பாவின் பெயர் ஐக் எவர்லி. அவருடைய வலது கைக் கட்டை விரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மியூலன்பர்க் வட்டாரத்தில் கிடார் வாசிக்கும் விதமே தனி. கட்டை விரலில் ஒரு வளையம்போல நகத்தை மாட்டிக்கொண்டு கீழ்ஸ்தாயித் தந்திகளை மாற்றி மாற்றி ‘டும்–சக், டும்–சக்’ என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். அது தாளம். அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் மேல்ஸ்தாயித் தந்திகளில் பாட்டைத் தனியாக மீட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். கானா பாடுகிறவர் ஒரு கையால் மேசையில் தாளம் போட்டு, மறு கையில் தீப்பெட்டியைக் குலுக்கிக்கொண்டு வாயால் பாடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும். கருவி வாங்கக் காசில்லாத இடத்தில் உடம்பு இரண்டாகப் பிரிந்து வேலை செய்கிறது.

இந்த விரல் வித்தை எங்கிருந்து வந்தது? விசாரித்துக்கொண்டே போனால் ஆர்னல்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியிடம் வந்து நிற்கிறது. கரி ஏற்றும் வேலையும் கிடாருமாக இருந்தவர்; 1931-இல் இறந்துபோனார். அவரிடமிருந்து கென்னடி ஜோன்ஸ், அவரிடமிருந்து மோஸ் ரேகரும் ஐக் எவர்லியும், அவர்களைப் பார்த்து மெர்ல் டிராவிஸ், டிராவிஸை ரேடியோவில் கேட்டுச் செட் அட்கின்ஸ் என்று உலகம் முழுக்கப் போய்விட்டது. ஷல்ட்ஸ் வாசித்த ஒரு நிமிட ஒலிப்பதிவுகூடக் கிடையாது. உலகப் புகழ் பெற்ற ஒரு பாணியின் தலைமகன் எப்படி வாசித்தார் என்று கேட்க வழியே இல்லை. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐக் குடும்பத்தோடு அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே உள்ளூர் வானொலியில் அதிகாலை நிகழ்ச்சி. அப்பா, அம்மா மார்கரெட், இரண்டு பையன்கள். பையன்கள் விடியற்காலையில் எழுந்து ரேடியோவில் பாடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். ‘குட்டி டானியும் பேபி பில்லும்’ என்று அறிவிப்பாளர் அழைப்பார். இப்படியே வளர்ந்தார்கள். 1950-களின் நடுவில் ரேடியோ நிலையங்கள் நேரடிக் கச்சேரியை நிறுத்திவிட்டு இசைத்தட்டு போட ஆரம்பித்தன. குடும்ப நிகழ்ச்சிக்கு மவுசு போனது. அப்பாவுக்கு வேலையில்லை. வேறு தொழில் பார்க்க வேண்டிவந்தது. டானும் பில்லும் நாஷ்வில் நகரத்துக்குப் போய்ப் படியேறி இறங்கினார்கள். முதல் இசைத்தட்டு போணியாகவில்லை. 1957-இல் கேடன்ஸ் என்ற சிறிய கம்பெனிக்காக ‘பை பை லவ்’ பாடினார்கள். அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. 1958-இல் ‘ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. பீட்டில்ஸ் பையன்கள் லிவர்பூலில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துத்தான் இரண்டு குரல் சேர்த்துப் பாடக் கற்றுக்கொண்டார்கள்.

அப்படிப் புகழின் உச்சியில் இருக்கும்போது, 1958 ஆகஸ்டில், 21 வயது அண்ணனும் 19 வயது தம்பியும் ஸ்டூடியோவுக்குள் போய் ஒரு காரியம் செய்தார்கள். டிரம்ஸ் வேண்டாம், எலக்ட்ரிக் கிடார் வேண்டாம். இரண்டு மரக் கிடார். பின்னால் ஃப்ளாய்ட் சான்ஸ் என்பவர் நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ். அவ்வளவுதான் பக்கவாத்தியம். பாட்டு 12. ஒன்றுகூட இவர்களுக்காகப் புதிதாக எழுதியதில்லை. எல்லாம் வீட்டில் அப்பா பாடிக் கேட்ட பழைய பாட்டுகள், மற்றவர்கள் பாடிப் பதிவு செய்த பாட்டுகள். ஆல்பத்துக்குப் பெயரும் அதையே வைத்தார்கள்: ‘சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்’. அந்த டிசம்பரில் வெளிவந்தது.

விற்கவில்லை. விற்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். காதலும் பள்ளிக்கூடமும் சினிமாக் கொட்டகையுமாக இவர்கள் பாடியதை வாங்கிக்கொண்டிருந்த விடலைப் பிள்ளைகளுக்கு, இந்தத் தட்டில் இருந்தவை பெரும்பாலும் சாவும் சிறையும் மூப்பும். கேடன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் வேண்டுமென்றே விற்காத சரக்கைக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்புவதில்லை. அலட்சியமாகப் பாடியவர்களின் குரல் இப்படி இருக்காது. கேட்டுப் பார்த்தால் தெரியும்.

குரலைப் பற்றி. நம் கச்சேரி மேடையில் அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ பாடினால் இருவரும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடுவார்கள், அல்லது ஒருவர் மேல்ஸ்தாயியில் அதையே பிடிப்பார். இரண்டு குரலும் ஒன்றாகக் கரைவதுதான் நமக்கு அழகு. எவர்லி சகோதரர்கள் வேறு கணக்கு. டான் ஸட்ஜமத்தில் நின்றால் பில் காந்தாரத்தில் நிற்பார். டான் ரிஷபத்துக்கு நகர்ந்தால் பில் மத்யமத்துக்கு. பெரும்பாலும் இந்த ஓர் இடைவெளி விட்டே, பாட்டு முடிகிற வரை, தோளோடு தோள் உரசாமல் இரண்டு பேர் சந்தில் நடப்பதுபோலப் போவார்கள். டானின் குரலை மட்டும் தனியாகக் கேட்டாலும் ஒரு பாட்டு. பில்லின் குரலை மட்டும் கேட்டாலும் ஒரு பாட்டு. மூச்சு விடும் இடம்கூட ஒன்றாக இருக்கும். ஒரே வீட்டில் ஒரே உச்சரிப்போடு வளர்ந்தவர்களுக்குத்தான் இது வாய்க்கும் என்று அங்கே சொல்வார்கள்; ‘ரத்தத்தின் இசைவு’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சும்மா இல்லை, இந்த ஆல்பத்திலுள்ள ‘கென்டக்கி’ பாட்டை இவர்களுக்கு முன்னால் பாடிப் பேர் வாங்கிய ‘ப்ளூ ஸ்கை பாய்ஸ்’ இருவரும் அண்ணன் தம்பிகள்தான். ‘ஓ ஸோ மெனி இயர்ஸ்’ பாட்டு வந்ததும் பெய்ல்ஸ் சகோதரர்களிடமிருந்து. உடன்பிறந்தவர்கள் பாடியதை உடன்பிறந்தவர்கள் எடுத்துப் பாடுவது அங்கே ஒரு வழிமுறை.

பாட்டுகளின் வயதும் வேடிக்கை. ‘பார்பரா ஆலன்’ லண்டனில் 1666-லேயே பாடப்பட்டதற்கு சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பு சாட்சி. ‘டௌன் இன் த வில்லோ கார்டன்’ கடல் தாண்டி அயர்லாந்து வரை வேர் ஓடும் ஒரு கொலைச் சிந்து. காதலியைக் கொன்றவன் தூக்குமரத்தடியில் நின்று தன் கதையைச் சொல்கிறான். நம் ஊர்ச் சந்தைகளில் காலணா விலைக்கு விற்ற கொலைச் சிந்துப் புத்தகங்களுக்கும் இதற்கும் அட்டைதான் வித்தியாசம். ‘தட் சில்வர் ஹேர்ட் டாடி ஆஃப் மைன்’ 1931-இல் ஜீன் ஆட்ரி பதிவு செய்தது. நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தான் கொடுத்த துயரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதா என்று மகன் ஏங்குவது.

ராயபுரத்துக்காரனான என்னை உட்கார வைத்த பாட்டு ‘லைட்னிங் எக்ஸ்பிரஸ்’. ஒரு சிறுவன் டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறிவிட்டான். வீட்டில் அம்மா சாகக் கிடக்கிறாள். அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கிறார், அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன் என்கிறார். பையன் கெஞ்சுகிறான். கதை இவ்வளவுதான். பேசின் பாலம் தாண்டும்போது டி.டி.ஆர். ஏறிவிட்டால் கழிப்பறைக்குள் ஒளிந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தப் பாட்டில் டானும் பில்லும் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. செய்தி வாசிப்பதுபோலப் பாடிக்கொண்டு போகிறார்கள். இறக்கிவிட்டு விடுவாரோ என்று நாம்தான் பதறுகிறோம்.

பிறர் பாட்டை எடுத்துப் பாடுவது மட்டமான வேலை, சொந்தமாக எழுதுவதே மேலானது என்ற எண்ணம் பாப் இசை கொண்டுவந்த வியாதி. நம் பக்கத்தில் அப்படி ஒரு பிரச்சினையே கிடையாது. தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். அவருடைய சீடர் வீணை குப்பையர், குருவின் பெயரையே மகனுக்கு வைத்தார். அந்த மகன்தான் திருவொற்றியூர் தியாகையர். அப்பாவின் பாட்டுகளையும் தன் பாட்டுகளையும் ஸ்வரப்படுத்தி ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்ற புத்தகமாக 1900-இல் அச்சிட்டார். கிராமபோன் இங்கே பரவலாகாத காலத்தில் அதுதான் ஆல்பம். அதற்கும் முன்னால் சென்னையில் தச்சூர் சிங்காராச்சாரியார் சகோதரர்கள் இருவர், தங்கள் காலத்தில் பாடப்பட்டு வந்த கீர்த்தனைகளையும் வர்ணங்களையும் கீதங்களையும் திரட்டித் தெலுங்கு எழுத்தில் புத்தகம் புத்தகமாகப் போட்டார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பிறர் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த வேலை. எவர்லி சகோதரர்கள் ஸ்டூடியோவில் செய்ததை இவர்கள் அச்சகத்தில் செய்தார்கள்.

ஆனால் புத்தகம் யாருக்குக் கிடைத்தது? கோயிலுக்கும் சபைக்கும் பக்கத்தில் இருந்த பாட்டுக்குக் கிடைத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனின் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. சாவு வீட்டில் பிணத்தோடு விழித்திருக்கும் ராத்திரியில், அப்புறம் காரியத்தன்று ராத்திரியில், டோலக்கும் புல்புல்தாராவும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடிய மரண கானா வாயிலிருந்து வாய்க்குத்தான் வந்தது. பாடியவர் போனால் பாட்டும் பாடையோடு போகும். சினிமாவில் தேவா அதை எடுத்து ஊரெல்லாம் கேட்க வைத்தார், நன்றி. ஆனால் சினிமா கானாவில் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கும், டான்ஸ் இருக்கும், பிணம் இருக்காது.

ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணியை இங்கே சொல்ல வேண்டும். அப்பா தானாகவே கற்றுக்கொண்ட கீபோர்டு கலைஞர். சின்ன வயதிலேயே மகளை மேடையில் ஏற்றியவர் அவர்தான். பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் அந்தப் பெண் நுழைந்து, 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரியில் பாடி, 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஷெனன்டோவாவின் அதிகாலை ரேடியோவுக்கும் ராயபுரத்து மேடைக்கும் நடுவில் பாதி உலகம் இருக்கிறது. அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டு என்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை.

கென்டக்கியிலும் சாம்பல்தான் என்றேன் அல்லவா? மியூலன்பர்க் கவுன்டியில் ‘பாரடைஸ்’ என்று ஓர் ஊர் இருந்தது. சொர்க்கம் என்று பொருள். 1963-இல் அதன் பக்கத்தில் அனல்மின் நிலையம் வந்தது. சுற்றிலும் மண்ணைச் சுரண்டிக் கரி எடுத்தார்கள். 1967-இல் சாம்பல் விழுகிறது என்று ஊரையே விலைக்கு வாங்கிக் காலி செய்துவிட்டார்கள். அந்த ஊரைப் பற்றி ஜான் பிரைன் 1971-இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அவருடைய பெற்றோரும் அந்தக் கவுன்டிக்காரர்கள். எவர்லி சகோதரர்கள் பிரிவதற்கு முன் வந்த கடைசி ஆல்பத்தில் அதையும் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். தங்கள் குடும்பத்து மண் போன கதையை இன்னொருவர் பாட்டில் பாடினார்கள். பாரடைஸ் நிலையம் 2020-இல் அணைந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில், கொசஸ்தலை ஆற்றில் கொட்டிய சாம்பலின் நடுவே நின்று டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ பாடியது 2017 ஜனவரியில். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ராகம், மொழி, நாடு எல்லாம் வேறு. புகார் மனு ஒன்றுதான்.

அண்ணன் தம்பி கதையின் மிச்சம் சுருக்கமானது. 1973 ஜூலை 14 அன்று கலிபோர்னியா மேடையொன்றில், குடித்துவிட்டு வந்த டான் வரிகளைத் தவறவிட, பில் கிடாரைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டு வெளியேறினார். பத்து ஆண்டுகள் பேச்சு வார்த்தை இல்லை. இடையில் 1975-இல் அப்பா ஐக் இறந்தபோது இருவரும் அடக்கத்துக்கு வந்தார்கள். 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து பாடினார்கள். அந்த விற்காத ஆல்பத்தை 2013-இல் கிரீன் டே குழுவின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும், நம் ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸும் 12 பாட்டையும் அப்படியே எடுத்துப் பாடி வெளியிட்டார்கள். அது வந்த சில வாரங்களில், 2014 ஜனவரி 3 அன்று பில் போய்ச் சேர்ந்தார். டான் 2021-இல்.

ஆர்னல்ட் ஷல்ட்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். அவரைப் பதிவு செய்ய யாரும் மெனக்கெடவில்லை. ஐக் எவர்லிக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். 1968-இல் அவர்கள் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ ஆல்பத்தில், 1952-இல் குடும்பமாகப் பாடிய ரேடியோ நிகழ்ச்சியின் துண்டுகளையும் செருகிவைத்தார்கள். அதில் ஐக்கின் குரல் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உள்ளவர்கள் வீட்டுப் பரணில் டேப் ரெக்கார்டர் காலத்துக் கேசட்டுகள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். சாவு வீட்டில், காரிய வீட்டில், கல்யாண வீட்டில் யாரோ பட்டனை அமுக்கிப் பதிவு செய்த கானா அதில் இருக்கலாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டாதீர்கள், அறுந்துவிடும். ஒலிப்பதிவுக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் பெயர், தெரு, வருடம் மூன்றையும் கேசட் அட்டையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: உப்பளமும் பக்கிங்காம் கால்வாயும்)